பூனையின் நகமும் இல்லறத்தாரின் அகிம்சையும்

(விழா மேடையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இல்லறத்தார் மேற்கொள்ளும் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் சொல்லப்பட்டுள்ளன. உயிர்களைக் கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் கொடாது நிறுத்தல் என்பன அவை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இவற்றை வரிசைப்படுத்துகிறது. இவற்றுள் மூன்றாவது ‘சேதம்’ எனப்படும். காது, மூக்கு முதலிய உறுப்புகளைச் சிதைத்தலே சேதம் என்று உரையாசிரியர் விளக்குவர். இன்று அதே செயல், தூய்மையான அறுவை அரங்கில், மயக்க மருந்தின் துணையோடு, மருத்துவர் கையாலேயே நிகழ்கின்றது. வீட்டுப் பூனையின் நகங்களை நீக்கும் அறுவையே அது.

இவ்வழக்கம் பெரிதும் வட அமெரிக்காவிற்குரியது. தமிழகத்து ஊர்களில் பூனை திண்ணையிலும் ஓட்டின் மேலும் தன் விருப்பம்போல் திரிவது; அதன் நகத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர் அரியர். ஆயினும் இன்று பல குடும்பங்களின் மக்களும் பேரமக்களும் அமெரிக்க நாட்டில் வாழ்கின்றனர். அங்கே குழந்தையின் ஆசைக்காக ஒரு பூனைக்குட்டி வீட்டிற்கு வருகிறது என்று கொள்வோம். ஒரு திங்களுக்குள் புதிய சோபாவின் ஓரம் நூல் நூலாகக் கிழிகிறது. குழந்தையின் கையிலும் ஒரு கீறல் விழுகிறது. “நகத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது” என்று அண்டை வீட்டார் கூறுகின்றனர். நகம் வெட்டுவது போன்ற சிறு செயல் என்று எண்ணிப் பெற்றோர் இசைந்துவிடுகின்றனர். இசைந்தோர் கொடியவர் அல்லர், அறியாதவர். அவ்வறியாமை நீங்க வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

மனிதரின் நகம் தோலோடு ஒட்டி வளர்வது. பூனையின் நகமோ விரலின் கடைசி எலும்பினின்றே வளர்வது. ஆகவே நகம் மீண்டும் முளைக்காதிருக்க வேண்டுமாயின், அவ்வெலும்பையே வெட்டியாக வேண்டும். முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு எனப் பூனைக்கு 18 நகங்கள் உள்ளன. முன்கால்களில் மட்டும் இவ்வறுவையைச் செய்தாலும் 10 எலும்புகள் துண்டிக்கப்படுகின்றன. அவற்றோடு இணைந்த நரம்புகளும் தசைநார்களும் அறுபடுகின்றன. மனிதர்க்கு ஒப்பிட்டுரைப்பின், பத்து விரல்களையும் கடைசி மூட்டோடு வெட்டுவதற்கு இது நிகராகும். கத்திக்கு மாறாக லேசர் ஒளியால் செய்வதால் வலி இல்லை என்று சிலர் ஆறுதல் கூறுவர். கருவி மாறினும் வெட்டப்படும் எலும்பு மாறுவதில்லை.

வலி அன்றோடு முடிவதுமில்லை. குருதிப்போக்கு, புண்ணில் சீழ் பிடித்தல், நரம்புச் சேதம், நொண்டுதல் ஆகியன நேரக்கூடும். எலும்புத் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால், நகம் கோணலாக மீண்டும் வளர்ந்து சதையைக் குத்தும். பூனை விரல்களை ஊன்றியே நடக்கும் விலங்கு. விரல் நுனி போனபின் உடலின் எடை தாங்கும் முறையே மாறுகிறது. காலப்போக்கில் முதுகும் நோகிறது. 2018ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 274 பூனைகள் ஆராயப்பட்டன. அவற்றுட் பாதி நகம் நீக்கப்பட்டவை. முதுகுவலியும், கடிக்கும் இயல்பும், கண்ட இடத்தில் கழிவு செய்யும் பழக்கமும் அப்பாதியில் மிகுந்து காணப்பட்டன. அவற்றுள் நூற்றுக்கு 63 பூனைகளின் விரல்களில் எலும்புத் துணுக்குகள் எஞ்சியிருந்தன.

இதன் காரணத்தை எண்ணிப் பார்த்தால் எளிதில் விளங்கும். புண்பட்ட விரலால் மணல்தட்டைத் தோண்டும்போது வலிக்கிறது. பூனை மணலை வெறுத்து மெத்தென்ற விரிப்பை நாடுகிறது. நகமாகிய காவல் போனமையால், அஞ்சும்போது பல்லையே நம்புகிறது. சோபாவைக் காப்பாற்ற எண்ணியவர் விரிப்பை இழக்கின்றனர். கீறலுக்கு அஞ்சியவர் கடிக்கு ஆளாகின்றனர். இறுதியில் அப்பூனை வீட்டைவிட்டே வெளியேற்றப்படுவதும் உண்டு. பூனை தன் வலியை மறைக்கும் இயல்புடையது. அது கதறாமையைக் கண்டு துன்பம் இல்லையென்று முடிவு செய்தல் தவறு.

நகத்தால் பிறாண்டுவது பூனையின் குறும்பு அன்று. நகத்தின் பழைய மேலுறையைக் களைவதற்கும், முதுகையும் தோளையும் நீட்டி முறுக்குவதற்கும், பாதத்தில் சுரக்கும் மணத்தால் தன் இடத்தை அடையாளப்படுத்துவதற்கும் அது அவ்வாறு செய்கிறது. அதனைத் தடுத்தல் இயலாது. வேறிடத்திற்குத் திருப்புதல் இயலும்.

உலக நாடுகள் பல இதனை உணர்ந்துள்ளன. 1987ஆம் ஆண்டின் ஐரோப்பிய வளர்ப்பு விலங்குப் பாதுகாப்பு உடன்படிக்கை, மருத்துவக் காரணமின்றி நகம் நீக்குதலை விலக்கியது. இஸ்ரேல் நாடு 2011இல் தடை செய்தது. அமெரிக்காவில் மேற்கு ஹாலிவுட் நகரம் 2003இல் வழிகாட்டியது. மாநிலங்களுள் நியூயார்க் 2019இல் முதலாவதாகத் தடைச் சட்டம் இயற்றியது. நகம் நீக்கினால்தான் வீடு வாடகைக்கு என்று வீட்டு உரிமையாளர் நிபந்தனை விதிப்பதைக் கலிஃபோர்னியா மாநிலம் 2013 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது. விரலில் கட்டி தோன்றினால் அவ்விரலை நீக்குதல் சிகிச்சை; அதனை இச்சட்டங்கள் தடுப்பதில்லை. சோபாவிற்காக அறுப்பதையே தடுக்கின்றன.

இங்கு ஒரு வினா எழலாம். பூனை ஊனுண்ணும் விலங்காயிற்றே, அதனை வளர்த்தலே முறையா? பெரியோர் இதில் தயக்கம் காட்டியதுண்டு, அத்தயக்கம் மதிக்கத்தக்கது. வளர்ப்பதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் அதனை ஆராயட்டும். ஆனால் வீட்டிற்குள் வந்து அடைக்கலம் புகுந்துவிட்ட உயிரின் உறுப்பை அறுக்க அவ்வினா ஒருபோதும் இடம் தராது. நகம் போனால் எலிகள் பிழைக்கும் என்று வாதிடுவதும் பொருந்தாது. பூனை இரையைக் கொல்வது பல்லால். எலியைக் காக்க விரும்புவோர் பூனையை வீட்டினுள்ளேயே வைத்து வளர்த்தல் போதும்.

செய்ய வேண்டுவன எளியவை. பூனை முழுதாக நீண்டு நிற்கும் உயரத்தில், ஆடாத ஒரு கம்பத்தில் சணல் போன்ற முரட்டுக் கயிற்றைச் சுற்றி, அது உறங்கும் இடத்தருகே நாட்டுக. அங்கே பிறாண்டும்போது தட்டிக் கொடுத்துப் பாராட்டுக. சோபாவின் ஓரத்தில் ஒட்டும் நாடாவைப் பதித்தால் பூனை அதனை அணுகாது. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நகத்தின் கூர்நுனியை மட்டும் வெட்டுக; உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தொடலாகாது. குட்டிப் பருவத்திலேயே பழக்கினால் அது கையை உதறாது. நகத்தின்மேல் பொருத்தும் மெல்லிய உறைகளும் கடைகளில் கிடைக்கின்றன.

சோபா கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம், துணி மாற்றலாம். வெட்டிய விரல் மீண்டும் வருவதில்லை. கடல் கடந்து வாழும் மக்களோடு தொலைபேசியில் பேசும் தாத்தாவும் பாட்டியும், பேரக்குழந்தையின் பூனையைப் பற்றியும் ஒரு சொல் கேட்பாராக. உரிய நேரத்தில் சொல்லப்படும் அந்த ஒரு சொல், பத்து விரல்களைக் காக்கும்.