வெறும் மண்ணாக விடாதீர்கள்



பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இளம் பால்மரங்களின் இடையே தரையே தெரியாமல் படர்ந்து கிடந்த பச்சைக் கொடி நினைவிருக்கும். "பாம்பு கிடக்கும், உள்ளே போகாதே" என்று அம்மாக்கள் அதட்டிய அதே கொடிதான். அது தானாக முளைத்த காட்டுக்கொடி அல்ல. தோட்ட நிர்வாகம் காசு கொடுத்து விதை வாங்கித் தமிழ்ப் பாட்டாளிகளைக் கொண்டு விதைத்தது. எதற்காக என்பதை அவர்களில் பலருக்கு யாரும் சொல்லவில்லை.

கோலகங்சாரில் 1877-இல் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் பெருகின. மரத்தைத் தவிர வேறெதுவும் தலைகாட்டக் கூடாது என்பதுதான் அன்றைய துரைமார்களின் எண்ணம். ஆணும் பெண்ணும் நாள் முழுக்கக் குனிந்து புல்லைச் சுரண்டினார்கள். தோட்டம் பெருக்கி விட்ட வாசல் போல இருந்தது. ஆனால் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மாநிலம் இது. மூட ஒன்றுமில்லாத சரிவுகளில் மேல்மண் கரைந்து ஆற்றோடு போனது. பாட்டாளிகளின் முதுகு ஒடிந்ததற்குக் கிடைத்த பலன், சத்தில்லாத நிலம்!

பின்னர் நிர்வாகங்கள் வழியை மாற்றிக்கொண்டன. 1925-இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆய்வுக் கழகமும் இந்த மூடுபயிர்களை ஆராய்ந்தது. கலப்போகோனியம், பியூராரியா, செண்ட்ரோசீமா ஆகிய மூன்றும் கலந்து விதைக்கப்பட்டன. முதலாவது வேகமாகப் படர்ந்து விரைவில் ஓய்ந்துவிடும். மற்ற இரண்டும் அதன் இடத்தைப் பிடிக்கும். மூன்றுமே அவரைக் குடும்பம். அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. உதிரும் இலை மட்கி மண்ணில் சேரும். மழைத்துளி நேராக மண்ணைத் தாக்காது. லாலாங் புல்லும் எழ முடியாது. 1990-களில் கேரள ரப்பர் தோட்டங்களிலிருந்து இன்னொரு கொடியும் மலேசியாவுக்கு வந்தது. அதன் பெயர் முக்குனா பிராக்டியாட்டா. ஊரில் பூனைக்காலி என்போமே, அதற்கு உறவு.

தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தாமான் வீட்டுக் கொல்லையில் இருப்பதோ மேம்பாட்டாளர் கொட்டி இறுக்கிய செம்மண். ஈப்போ வட்டாரத்தில் சில இடங்களில் அது பழைய ஈயலம்பத்து மணல். ஊற்றும் தண்ணீர் நிற்காது. காய்ந்த இலையைக் கூட்டி நெகிழிப் பையில் கட்டிக் குப்பை லாரிக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் கடையில் உர மூட்டை வாங்குகிறவர்கள் எத்தனை பேர்! சிலர் கொளுத்தியும் விடுகிறார்கள். திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். எரிவது செடியின் சாப்பாடு.

தோட்டத்துக் கொடியை அப்படியே கொல்லையில் விட வேண்டாம். மாமரத்திலும் வேலியிலும் ஏறி அண்டை வீட்டாரோடு சண்டையில் முடியும். தட்டைப்பயறோ பச்சைப்பயறோ போதும். மளிகைக் கடையில் கிடைக்கும். இறுகிய மண்ணை மண்வெட்டியால் சற்றே கிளறி நெருக்கமாக விதைத்து, பூ விடும்போது வேரை மண்ணிலேயே விட்டுத் தண்டை மட்டும் அறுத்து அங்கேயே பரப்ப வேண்டும். காய் முற்றும் வரை காத்திருந்தால் சத்தின் பெரும்பகுதி பயறுக்குள் போய்விடும். சமையலுக்குக் காய் வேண்டுமென்றால் ஓர் ஓரத்தை மட்டும் விட்டு வைக்கலாம், அது தனிக் கணக்கு.

பயறு விதைக்க இடமில்லாதவர்கள் மண்ணை இலையால் போர்த்தலாம். செம்பனைத் தோட்டங்களில் வெட்டிய மட்டையை வரிசைகளுக்கு இடையே அடுக்குவதும், ஆலையிலிருந்து வரும் வெற்றுக் குலையைப் பரப்புவதும் இதற்குத்தான். வீட்டில் காய்ந்த இலை, வெட்டிய புல், வாழைச்சருகு ஆகியவற்றை இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பலாம். தண்டை ஒட்டிக் குவித்தால் ஈரத்தில் அழுகும். நான்கு விரல் இடைவெளி வேண்டும். மரத்தூளை மண்ணோடு கலக்கக் கூடாது. அது மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, செடி மஞ்சளித்துப் போகும். விதை கட்டிய புல்லும் லாலாங் கிழங்கும் வேண்டவே வேண்டாம். தென்னை இருக்கும் வீட்டில் மட்கும் குப்பையை மேடாகக் குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். மெல்லியதாகப் பரப்பிவிடுவதே நல்லது.

ஈப்போ பக்கம் அக்டோபர், நவம்பரில் மழை வலுக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் பயறு விதைத்தால், பெருமழை வருவதற்குள் இலைகள் தரையை மூடியிருக்கும்.