மூன்றாவது பக்கம்

(சென்ற புரட்டாதியில் எங்கள் நகரத்துக் கத்தோலிக்கத் தமிழர் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



"கோடைகாலமும் எங்கள் செபமும்" என்று தலைப்புத் தந்து பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எனக்கு மேடைப் பேச்சுப் பழக்கமில்லை. ஏ.எல்.லோடை படிப்பு முடிஞ்சுது, பிறகு மெசினோடைதான் சீவியம். பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கோ.

கோடை என்றால் எங்களுக்குக் கேவலார்தான். 1980களின் பிற்பகுதியில் எங்கடை ஆட்கள் தொடங்கிய யாத்திரை இன்றைக்கும் ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நடக்கிறது. 15ஆம் திகதி மாதாவின் விண்ணேற்புத் திருநாள். ஆனால் நாங்கள் இருக்கிற மாநிலத்தில் அன்றைக்கு லீவு இல்லை. சனிக்கிழமை எண்டபடியால் ஆயிரக்கணக்கான சனம் வருது. சைவ ஆட்களும் பொட்டோடை வந்து மெழுகுதிரி கொளுத்துவினம், மடுவிலை செய்த மாதிரியே. எனக்குச் சனிக்கிழமையும் சிப்ட் வரும். இந்தமுறை என்னோடு வேலை செய்யிற துருக்கிக்காரர் எனக்காக நின்றார். அவருடைய பெருநாளுக்கு நான் நின்றனான். அது கணக்குச் சரி.

கேவலாரில் என்ரை மகள் கேட்டாள், "அப்பா, இந்தச் சின்னப் படத்தைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" உண்மைதான், உள்ளங்கை அளவு கடதாசிப் படம். லுக்சம்பேர்க் மாதாவின் அச்சுப் படம். அப்போது முப்பதாண்டு யுத்தம் நடந்து கொண்டிருந்தது. ஹென்றிக் புஸ்மன் என்ற ஏழை வியாபாரி வழியில் ஒரு சிலுவையடியில் செபிக்கும்போது, இந்த இடத்தில் எனக்குச் சிறு கோவில் கட்டு என்று குரல் கேட்டதாம். ஒருமுறை இல்லை, மூன்று முறை. அவரின் மனைவியிடம் விற்க வந்த படைவீரர்களிடம் இருந்ததுதான் இந்தப் படம். 1642 யூன் 1ஆம் திகதி அதை அங்கே வைத்தார்கள். துயருறுவோரின் தேற்றரவு என்பது அந்த மாதாவின் பெயர்.

படைவீரர்களின் கையில் திரிந்த படம் என்று மகளுக்குச் சொன்னபோது எனக்கு எங்கடை மடு மாதாவின் நினைவு வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோன சுரூபம். 2008 ஏப்ரலில் ஷெல்லுக்குப் பயந்து தேவன்பிட்டிக்கு மறுபடியும் தூக்கிக்கொண்டு போனார்கள். மாதாவும் இடம்பெயர்ந்தவதான்.

இனி நான் சொல்ல வந்த விசயம். எங்கடை ஆவணிப் பூசைக்குக் கருத்துக்கள் எழுதுகிற கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தில் உயிரோடு இருப்பவர்கள், மற்றப் பக்கத்தில் இறந்தவர்கள். என் அண்ணா 2009 மே மாதத்தோடு காணாமல் போனவர். ஒவ்வொரு வருசமும் அவரை முதல் பக்கத்தில்தான் எழுதினனான். போன வருசம் கை என்னமோ இரண்டாம் பக்கத்துக்குப் போனது. பத்துப் பதினைந்து வருசம் கடந்துவிட்டதே, ஒரு ஆன்ம இளைப்பாற்றியாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். களைப்பும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

பூசையை ஒருவர் வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்பினார். அம்மா கேட்டுவிட்டா. இரண்டு கிழமை என்னோடை கதைக்கவில்லை. பிறகு எடுத்துச் சொன்னது இதுதான்: "தம்பி, ஆமிக்காரனும் சொல்லேல்லை, அரசாங்கமும் சொல்லேல்லை. நீ ஏன் சொன்னனி?"

எனக்குப் பதில் இருக்கவில்லை.

ஊரில் 2016இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. மரணச் சான்றிதழ் எடுக்காமல், ஆள் காணவில்லை என்றே ஒரு சான்றிதழ் எடுக்கலாம். அரசாங்கப் பத்திரத்திலேயே அப்படி ஒரு இடம் இருக்கும்போது எங்கள் கொப்பியில் ஏன் இல்லை? சுவாமியிடம் கேட்டேன். பூசையை உயிரோடு இருப்பவருக்கும் ஒப்புக்கொடுக்கலாம், இறந்தவருக்கும் ஒப்புக்கொடுக்கலாம், எந்தப் பக்கம் என்பது கடவுளுக்குத் தெரியும் என்றார். அதனால் இந்த வருசம் மூன்றாவது பக்கம் ஒன்று திறந்தேன். தலைப்பே போடவில்லை. முதல் பெயர் அண்ணாவினுடையது. பூசை தொடங்க முதல் பதினொரு பெயர் சேர்ந்துவிட்டது. அதில் இரண்டு சைவக் குடும்பத்துப் பெயர்கள். ஒரு அக்கா பேனையை வாங்கி, எழுதாமல் கனநேரம் நின்றா. பிறகு எழுதினா.

காயத்தை ஆறவிடாமல் கிளறுகிறாய் என்று ஒரு பெரியவர் என்னோடு கோபித்தார். அவரில் எனக்கு வருத்தமில்லை. அவர் தன் மகனைத் தன் கையாலேயே அடக்கம் செய்தவர். அவருக்குப் பூப்போட ஒரு கல்லறை இருக்கு. என் அம்மாவுக்கு இருப்பது ஒரு படமும் ஒரு விளக்கும்தான். அந்தப் படத்துக்கு அவ இன்னும் மாலை போடவில்லை.

இந்த வருசம் பூசை முடிந்ததும் நானே அம்மாவுக்கு எடுத்தேன். எந்த இடத்தில் வாசித்தது என்று கேட்டா. தனியாக வாசித்தது என்றேன். "சரி, சாப்பிட்டியே?" என்று கேட்டா.

வருகிற வருசமும் கொப்பி கோவில் பின்வாசல் மேசையில் இருக்கும். ஆடி மாதக் கடைசி ஞாயிறுக்குள் பெயர்களைத் தாருங்கோ. எந்தப் பக்கம் என்று நீங்களே எழுதுங்கோ, நான் இனி யாருக்காகவும் எழுதமாட்டேன்.