யார் தீவிரவாதி?

(பெங்களூரு ஜீவனஹள்ளியில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அடிமை முறையை எதிர்த்தவர்களை இன்று மாமனிதர்கள் என்கிறோம். அவர்கள் வாழ்ந்த காலம் அவ்வாறு சொல்லவில்லை. 1835-இல் பாஸ்டன் நகரத் தெருவில் பத்திரிகை ஆசிரியர் கேரிசனைக் கயிற்றால் கட்டி இழுத்த கும்பலில் நகரத்துக் கனவான்களும் இருந்தனர். 1837-இல் லவ்ஜாய் தமது அச்சு இயந்திரத்தைக் காக்க நின்று குண்டுக்கு இரையானார். பிரிட்டன் 1833-இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றி, இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு வழங்கியது. யாருக்கு? உடைமையாளர்களுக்கு! அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை.

நம் மண்ணுக்கு வருவோம். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டத்தோடு இந்தியாவில் அடிமைத்தனம் சட்ட ஏற்பை இழந்தது. நூறாண்டு கழிந்த பின்னும் கீழத்தஞ்சைப் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும்தான் தண்டனை. அங்கே சென்றவர் தோழர் பி. சீனிவாசராவ். தென்கன்னட மாவட்டத்தில் பிறந்து, தமிழ் உழவனுக்காகவே வாழ்ந்தவர். பிழைப்புக்காகத் தமிழகத்திலிருந்து இங்கு வந்த நாம் இதை மறக்கலாகாது.

1943-இல் தென்பரையில் செங்கொடி ஏறியது. மறு ஆண்டே மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்பாட்டில் சவுக்கடியும் சாணிப்பாலும் கைவிடப்பட்டன. மனிதனை மனிதனாக நடத்து என்பதே கோரிக்கை. அதைக் கேட்டவர்களுக்குக் கிடைத்த பெயரோ கலகக்காரர், பலாத்காரவாதி. களப்பால் குப்பு 1948-இல் திருச்சிச் சிறையில் மாண்டார். ஜாம்பவானோடை சிவராமனும் வாட்டாக்குடி இரணியனும் 1950-இல் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியாயினர்.

1952-இல் முதலமைச்சர் இராஜாஜி, கம்யூனிஸ்டுகளே தமது முதல் எதிரி என்று அறிவித்தார். அதே ஆண்டில் அவரது அரசே தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தையும் பிறப்பித்தது. கோரிக்கை நியாயமாயிற்று, கோரியவர்கள் மட்டும் எதிரிகளாகவே நீடித்தனர்!

தோழர்களே, பழிச்சொல் விழுவதாலேயே ஒருவர் பக்கம் நியாயம் வந்துவிடாது. வெறுப்பை விதைப்போரையும் உலகம் தீவிரவாதி என்றுதான் அழைக்கிறது. யாருடைய சங்கிலியை அறுக்க நிற்கிறோம், அச்சங்கிலியால் ஆதாயம் பெறுபவர் யார் என்பதே உரைகல்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. ஆயினும் செங்கல் சூளைகளிலிருந்தும் கல் குவாரிகளிலிருந்தும் முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பங்கள் மீட்கப்படுவது இன்றும் தொடர்கிறது. மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு அமைக்க அச்சட்டமே ஆணையிடுகிறது. அக்குழு கூடுகிறதா என்று கேட்போம். மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழும் மறுவாழ்வு நிதியும் கிடைக்கும்வரை உடன் நிற்போம். அதற்காக நம்மையும் தீவிரவாதிகள் என்பார்களாயின், சொல்லட்டும். குப்புவும் இரணியனும் சுமந்த பெயர்தான் அது.