கடைசி வரிசைக்குப் பாடிய குரல்

(செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டுகளைப் பற்றி, நெல்லையில் தொழிலாளர் தோழர்களின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

தோழர்களே!

நெல்லை ஜங்ஷனில் செங்கோட்டை ரயில் ஏறினால், பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணிப் பக்கமாகவே போய், தென்காசியைத் தாண்டி மலையடிவாரத்தில் இறங்குகிறோம். செங்கோட்டை என்றதும் நம் கூட்டங்களில் வாஞ்சிநாதன் பெயர் வரும். வரவேண்டிய பெயர்தான். ஆனால் அதே ஊரில் 1906-ல் பிறந்து, இருபத்தேழே வயதில் மறைந்த இன்னொரு மனிதரும் உண்டு. அவர் கையில் ஆயுதம் இல்லை. தொண்டையில் ஒரு குரல் இருந்தது. அந்தக் குரலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

உள்ளே வரும்போது வாசலில் ஒரு இளந்தோழர் நம்மை மறித்துக்கொண்டார். "பீடிக் கூலியைப் பற்றிப் பேசவேண்டிய நேரத்தில், சாமி பாட்டுப் பாடிய ஒரு நாடகக்காரருக்கு ஒரு மாலைப் பொழுதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தப் பேச்சு முழுவதையும் அவருக்குச் சொல்லும் பதிலாகவே வைத்துக்கொள்வோம்.

முதலில், கிட்டப்பா யார்? அக்ரகாரத்தில் பிறந்தார் என்பதால் செல்வத்தில் புரண்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. வறுமைதான் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளை நாடக மேடைக்கு அனுப்பியது. அண்ணன்மார்களோடு கிட்டப்பாவும் பாலப் பருவத்திலேயே வேஷம் கட்டினார். பிறகு கன்னையா கம்பெனியின் நாடகங்களில் பெயர் பெற்றார். அப்புறம் ஸ்பெஷல் நாடகங்கள். ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன? ஒரு காண்ட்ராக்டர் ஒரு நடிகரை இந்த ஊரிலிருந்தும், இன்னொருவரை அந்த ஊரிலிருந்தும் ஓரிரவுக்குப் பேசி அழைத்து வருவார். வசூல் அவர் கைக்குப் போகும். விடியும் வரை பாடவேண்டியது நடிகர் பாடு. மறுநாள் வேறு ஊர், வேறு கொட்டகை, அதே தொண்டை.

ஒன்றை மறந்துவிடாதீர்கள், தோழர்களே. அந்தக் கொட்டகைகளில் ஒலிபெருக்கி கிடையாது. முன்னால் சோபாவில் மிராசுதாரும் வக்கீலும் இருப்பார்கள். அடுத்து நாற்காலி, பெஞ்சு. எல்லாவற்றுக்கும் பின்னால், தரை டிக்கெட்டில், பகலெல்லாம் வயலில் நின்ற ஜனங்களும், தறியில் குந்தியிருந்த ஜனங்களும், மூட்டை தூக்கிய ஜனங்களும் இருப்பார்கள். சோபாக்காரருக்குக் கேட்க மெல்லப் பாடினாலும் போதும். அந்தக் கடைசி வரிசை ஆளுக்குக் கேட்க வேண்டுமே! அதற்குத்தான் குரல் உயர்ந்தது. கிட்டப்பா ஐந்து கட்டைச் சுருதியில் பாடினார். அதிலும் மேல் ஸ்தாயியில் போய் நின்று, அங்கிருந்து பிர்காக்களை மணிமணியாக உதிர்த்தார். பிறவியிலேயே வந்த கொடை என்பார்கள். கொடை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கொடையை அவ்வளவு உயரத்துக்கு இழுத்துப் போனது எது? தரையில் உட்கார்ந்திருந்தவனின் காது என்போம் நாம்.

இனி இசைத்தட்டுகளுக்கு வருவோம். அந்தக் காலத்துத் தட்டு அரக்கினால் ஆனது. அரக்கு எங்கிருந்து வந்தது? சோட்டா நாகபுரிக் காடுகளில், மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் உண்டாக்கும் பிசினை ஆதிவாசி மக்கள் சுரண்டிச் சேர்த்தார்கள். அது ஆலைக்கு வந்து, கற்பொடியும் கரியும் சேர்ந்து, சூட்டில் அழுத்தப்பட்டுத் தட்டாயிற்று. 1928 முதல் கல்கத்தா டம்டமில் கிராமபோன் கம்பெனியின் பெரிய ஆலை ஒன்று இருந்தது. ஆகவே அந்தக் காலத்துத் தட்டைப் பார்க்கும்போது பாடியவர் பெயர் மட்டும் அதில் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். பெயர் அச்சிடப்படாத கைகள் எத்தனையோ அதில் இருக்கின்றன.

தட்டின் ஒரு பக்கம் ஓடுவது மூன்று நிமிஷம், கொஞ்சம் கூட. இரவெல்லாம் பாடியவரை மூன்று நிமிஷத்துக்குள் அடைக்கவேண்டும்! கொட்டகையில் ஒரு விருத்தத்தை அரை மணி நேரம் விரித்தவர், குழலுக்கோ மைக்குக்கோ முன்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துப் பாடவேண்டியிருந்தது. அப்படியிருந்தும் அந்தத் தட்டுகள் ஏன் நம்மை நிறுத்திவைக்கின்றன?

மூன்றைச் சொல்கிறோம். ஒன்று, 'காயாத கானகத்தே'. வள்ளி திருமணம் நாடகத்துப் பாட்டு. எழுதியவர் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். தினைப்புனம் காக்கும் பெண்ணிடம் வேடன் பேசும் இடம். கிட்டப்பா பாடும்போது கடவுள் வந்து நிற்கவில்லை. நம் ஊர் இளைஞன் ஒருவன் வந்து நிற்கிறான். பின்னால் டி. ஆர். மகாலிங்கம் 1945-ல் 'ஸ்ரீவள்ளி' படத்தில் இதே பாட்டைப் பாடியபோது, ஜனங்கள் அதில் கிட்டப்பாவைத்தான் தேடினார்கள்.

இரண்டு, 'எவரனி'. கடவுளையே கேள்வி கேட்கும் தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனை. சபாக்களில் சிலர் மட்டும் கேட்டு வந்த உருப்படியைக் கிட்டப்பா நாடகக் கொட்டகைக்குக் கொண்டு வந்தார். சபா வாசலை மிதிக்காத ஜனங்கள் அதைக் கேட்டார்கள். பாஷை புரியாவிட்டாலும் ராகம் புரிந்தது. சங்கீத ஞானம் சிலருக்கே உரியது என்ற பேச்சுக்கு இதைவிடச் சரியான பதில் வேண்டுமா?

மூன்று, 'கோடையிலே இளைப்பாற்றி' என்று தொடங்கும் வள்ளலாரின் விருத்தம். தாளம் இல்லை, குரல் மட்டும் நடக்கிறது. வெயிலில் இளைத்தவனுக்கு நிழலும் நீரும் கிடைப்பதைச் சொல்லும் பாட்டு. பக்திப் பாட்டுத்தான், ஒளிப்பானேன்? ஆனால் சித்திரை வெயிலில் களத்துமேட்டில் நின்றவன் அதை எப்படிக் கேட்டிருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். அவனுக்கு நிழல் என்பது உவமை அல்ல.

கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு முதிய தறித் தொழிலாளி நம்மிடம் சொன்னார்: "எங்க ஐயா பாட்டுல்லாம் பாடமாட்டாவ. கிட்டப்பா பிளேட்டு போட்டா மட்டும் தறி நின்னுரும்லா!" தறி நின்றால் அன்றைய கூலி குறையும். கூலியைக் குறைத்துக்கொண்டு ஒருவன் கேட்ட பாட்டை, நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நாம் எப்படித் தள்ள முடியும்?

தோழர்களே! இது நம் நாட்டுச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்காவில் பருத்திக் காடுகளில் அடிமைகளாக உழைத்த கறுப்பு மக்களின் சந்ததியார் 'ப்ளூஸ்' என்ற துயரப் பாட்டை உண்டாக்கினார்கள். அதில் தலைசிறந்த பாடகி பெஸ்ஸி ஸ்மித். சிறு வயதில் தெருவில் காசுக்குப் பாடியவர். கூடாரங்களில் ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி ஆளுக்கும் கேட்கப் பாடினார். 1923-ல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்து ஏராளமாக விற்றது. பாட்டுக்கு இவ்வளவு என்று கம்பெனி ரொக்கம் கொடுத்தது; விற்பனையில் பங்கு இல்லை. 1937-ல் மோட்டார் விபத்தில் இறந்தார். 1970 வரை அவர் சமாதிக்கு ஒரு கல்கூட இல்லை.

நம் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் சிறு வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கியவர் என்பார்கள். இலங்கைக்கு நாடகமாடப் போன இடத்தில் கிட்டப்பாவோடு மேடை சேர்ந்தார். பிறகு வாழ்க்கையும் சேர்ந்தது. கிட்டப்பாவுக்கு முன்பே மணமான மனைவி இருந்தார். ஆகவே அந்தக் கதையில் இரண்டு பெண்களின் துயரம் உண்டு. கலைஞரைப் புகழும் அவசரத்தில் அதை மறைப்பது நம் வழக்கமாக இருக்கக் கூடாது. 1933 டிசம்பர் 2-ல் கிட்டப்பா இறந்தார். அப்போது அம்மையாருக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைச் சேலை உடுத்தி, 1980-ல் இறக்கும் வரை பாடினார்.

கிட்டப்பாவின் உடல் நலிந்ததற்குப் பல காரணம் சொல்வார்கள். நாம் வைத்தியர் அல்ல. ஆனால் ஒன்று தெரியும். கொட்டகையில் ஜனங்கள் "ஒன்ஸ்மோர்!" என்று கத்துவார்கள். பாடகர் மறுபடி பாடவேண்டும். தட்டில் ஊசியை எத்தனை முறை வைத்தாலும் தட்டு இருமாது, மனிதன் இருமுவான். கேட்டவர்களின் அன்பும் அவரை வேலை வாங்கியது. வசூல் எடுத்தவர்களின் கணக்கும் வேலை வாங்கியது. அன்பு செய்ததை மன்னிக்கலாம்.

இங்கே நம்மையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பொறுப்பேற்று நடத்திய ஒரு கூட்டத்தில், பேச்சாளர் வரத் தாமதமானதால் ஒரு நாட்டுப்புறப் பாடகரை இரண்டு மணி நேரம் பாடவைத்தோம். தொண்டை கட்டிப்போயிற்று. மேடை வாடகை கொடுத்தோம், மைக் செட்டுக்குக் கொடுத்தோம். அவருக்கு ஒரு டீயும் ஒரு துண்டும். கடைசி பஸ்ஸும் போய்விட, அவர் விடியும் வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தது மறுநாள்தான் நமக்குத் தெரிந்தது. "அதனால என்ன தோழர்" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் நம்மை விடவில்லை. அன்று காண்ட்ராக்டர் செய்ததற்கும் நாம் செய்ததற்கும் என்ன வித்தியாசம்?

வாசலில் கேட்ட தோழருக்கு இதுதான் பதில்: பீடிக் கூலி வேறு, பாட்டுக் கூலி வேறு அல்ல. இலை சுருட்டும் விரலும் தேய்கிறது, பாடும் தொண்டையும் தேய்கிறது.

இன்று கிட்டப்பாவின் பாட்டுகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. தேய்ந்த தட்டிலிருந்து எடுத்தவை. கரகரவென்று இரைச்சல் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இரைச்சலுக்குப் பின்னால் ஒரு இளைஞர், கொட்டகையின் கடைசி வரிசையில் இருக்கும் நம் பாட்டன் காதுக்குக் கேட்கவேண்டும் என்று பாடுகிறார். இப்போது ஒரு பாட்டைப் போடுகிறோம். பேசாமல் கேளுங்கள். கேட்டு முடிந்ததும் உண்டியல் வரும். இன்றைய வசூல் முழுவதும், முன்னிரவில் நமக்காகப் பாடிய தோழர்களுக்குச் சேரும்.