பெரும் பாட்டாசிரியர் யார்?

(சூலக்கரையில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பொழுதுபோக்கிற்காகத் தெரிந்தெடுக்கப்பட்டதன்று. வரும் ஆண்டு விழாவில் பாட்டு இயற்றும் போட்டி ஒன்று வைப்பதென்றும், வென்றவர்க்குப் பரிசு வழங்குவதென்றும் நமது சங்கத்து வாலிபர்கள் தீர்மானித்திருக்கின்றனர். எதனைக்கொண்டு பாட்டை மதிப்பிடுவது, யார் யார் போட்டியிற் சேரலாம் என்னும் இரண்டு வினாக்கள் இன்னும் முடிவாகவில்லை. இரண்டாவது வினாவைக் குறித்து நம்மவருள் அபிப்பிராய பேதமும் உண்டு. முதல் வினாவிற்குச் செம்மையாக விடை கண்டால் இரண்டாவது தானே தீரும் என்பது நமது துணிபு. ஆதலின் அதனையே முதலில் ஆராய்வோம்.

செய்யுள் வேறு, பாட்டு வேறு என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். செய்யுளைப் படிப்பவன் நின்று நிதானித்துப் படிக்கலாம்; விளங்காத அடியை மீண்டும் பார்க்கலாம்; நிகண்டைப் புரட்டலாம். பாட்டைக் கேட்பவனுக்கோ அந்த அவகாசம் இல்லை. சொல் காதில் விழுந்த கணத்திலேயே பொருள் நெஞ்சில் விழவேண்டும். இல்லையேல் அடுத்த சொல் வந்து முன்னதை மூடிவிடும். ஆகவே பாட்டாசிரியன் கண்ணுக்காக எழுதாமல் காதுக்காக எழுதுபவனாதல் வேண்டும்.

இதற்கு உதாரணம் காட்டுவோம். தமிழிற் குறிலுக்கும் நெடிலுக்கும் பொருள் வேற்றுமை மிகப் பெரிது. மெட்டு நீளும் இடத்தில் ‘மலை’ என்ற சொல்லை வைத்தால், பாடுகிறவர் முதலெழுத்தை நீட்ட, கேட்கிறவர் காதில் ‘மாலை’ என்று விழும். ‘விடு’ என்பது ‘வீடு’ ஆகும். ‘கலை’ என்பது ‘காலை’ ஆகும். அவ்வாறே, தாளம் வெட்டுகிற இடத்தில் ‘தாமரை’ என்ற சொல் அகப்பட்டால் ‘தா’ என்றும் ‘மரை’ என்றும் இரண்டாகப் பிளந்து, மலர் மறைந்து மானினம் வந்து நிற்கும். மெட்டு நீள்கிற இடத்தில் நெடிலையும், முடுகுகிற இடத்தில் குறிலையும் வல்லினத்தையும், மூச்சு நிற்கிற இடத்தில் நிறைவுற்ற சொல்லையும் வைக்க அறிந்தவனே இத்தொழிலில் அடி வைக்கத் தக்கவன். மெட்டை முதலிற் கேட்டு, அதற்குப் பொருந்தச் சொற்களை இயல்பாகப் பேசுவதுபோல் அமைத்துத் தருவதிற் கவிஞர் கண்ணதாசன் (1927–1981) அடைந்த புகழை யாவரும் அறிவர். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்ற அவர், காதின் படிப்பை ஆயுள் முழுதும் விடாது நடத்தினார்.

இரண்டாவது இலக்கணம், பாட்டு எந்தக் காரியத்திற்கென்று பிறந்ததோ அந்தக் காரியத்திற்கு உதவுதல். நமக்குத் தெற்கே சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்திற் பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது வழிநடையிற் பாடுவதற்கென அவர் இயற்றியவையே புகழ்பெற்ற காவடிச் சிந்துகள். தோளிற் சுமை, காலடியிற் சுடுமணல், உடன் வருகிற கூட்டம் ஆகிய மூன்றையும் மனத்திற்கொண்டு அவர் தாளத்தை அமைத்தார். அடியெடுத்து வைக்கும் கால்களே அப்பாட்டுக்கு மத்தளம். இயைபும் எதுகையும் அலங்காரத்திற்காக மட்டும் வரவில்லை. களைத்தவனுக்கு அடுத்த அடியை நினைவூட்டுவதற்காகவும் வந்தன. முப்பது வயது நிரம்புமுன் அவர் காலமானார். அவர் சிந்தோ பத்தொன்பதாம் நூற்றாண்டைக் கடந்து இன்றும் காவடியோடு நடக்கிறது.

மூன்றாவது இலக்கணம், மக்கள் வாழ்வை உள்ளிருந்து அறிதல். இதற்கு நமது பக்கத்தில் யாவரும் அறிந்த உவமை ஒன்று உண்டு. தீக்குச்சியின் முனையில் மருந்து இருக்கிறது. எனினும் நமது சிவகாசிக் குச்சியை வெறுஞ்சுவரில் உரசினால் எளிதிற் பற்றுவதில்லை. பெட்டியின் பக்கத்திற் பூசிய பூச்சில் உரசினால்தான் பற்றுகிறது. பாட்டாசிரியனின் சொல் குச்சிமுனை மருந்து போன்றது. கேட்பவருடைய அனுபவம் பெட்டியின் பூச்சுப் போன்றது. இரண்டும் உரசாவிடின், எவ்வளவு உயர்ந்த சொல்லாயினும் கரிந்த வாடைகூட எழாது. பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் (1930–1959) உழவு முதலாகப் பல தொழில்களிற் கைவைத்துப் பார்த்துப் பின்னரே பாட்டெழுத வந்தவர். வியர்வையைப் பற்றி அவர் பாடியபோது வியர்த்தவர்கள் அதைத் தம் சொல்லாகவே கொண்டனர். இருபத்தொன்பது ஆண்டே வாழ்ந்தவர் இத்தனை பேர் நாவில் நிலைத்தது இக்காரணத்தால் என்க.

நான்காவது இலக்கணம் நெஞ்சுரம். இதைக் கற்க நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. சிவகாசியில் 1886-ஆம் ஆண்டு பிறந்த விசுவநாததாசர் நாடக மேடையில் முருகனாகவும் கோவலனாகவும் நின்று, நடுவே தேசியப் பாட்டுகளைப் பாடி அன்னிய ஆட்சியை அதிரச் செய்தார். அத்தகைய பாட்டுகளை எழுதித் தந்தவருள் தலையாயவர் மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952). 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ படத்திற்கும் பாட்டெழுதியவர் அவரே. தாசர் பாடிய பாட்டு ஒன்று, வெள்ளைப் பறவை ஒன்றைக் குழந்தைக்குக் காட்டுவதுபோல் அமைந்தது. குழந்தை கேட்டாற் பறவைப் பாட்டு. பெரியவர் கேட்டாற் பரங்கி ஆட்சிப் பாட்டு. எளிய சொல்லில் இரட்டைப் பொருளை வைத்து, எழுத்தறியாதவரும் உடனே உணருமாறு செய்வது சாமானிய வித்தையன்று. அரசாங்கத்தாரும் அதன் உட்பொருளை உணர்ந்தனர். தாசர் பலமுறை சிறை சென்றார். 1940-இல் சென்னையில் முருக வேடத்தோடு மேடையிலேயே அவர் உயிர் நீத்தார்.

இங்கு ஒரு ஆட்சேபம் எழலாம். பாட்டின் புகழெல்லாம் பாடுபவருடைய குரலாலும் இசையமைப்பவருடைய திறத்தாலும் வருவதன்றோ, எழுதியவருக்கு அதிற் பங்கென்ன என்று சிலர் கேட்பர். இதற்கு ஒரு பரீட்சை உண்டு. வாத்தியங்கள் யாவற்றையும் நீக்கிவிடுங்கள். பேர்போன குரலையும் நீக்கிவிடுங்கள். மருந்து முக்கிய குச்சிகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டே ஒரு தாய் அப்பாட்டைத் தன் சுமாரான குரலில் முணுமுணுக்கட்டும். அப்போதும் அவள் முகம் மாறுமாயின், அங்கே எஞ்சி நிற்பது எழுதியவருடைய பங்கு. அந்த எச்சமே பெருமையின் அளவுகோல்.

அன்பர்களே! இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். போட்டி நம் சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே என்று சிலர் கூறுகின்றனர். சங்கப் பணம் சங்கத்தாருக்கே பயன்படவேண்டும் என்பது அவர் வாதம். அவ்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கல்விக்கும் தொழிலுக்கும் நமது முன்னோர் பைசா பைசாவாகச் சேர்த்து வைத்த பொருள் அது. கணக்குக் கேட்க அனைவர்க்கும் உரிமை உண்டு. ஆயினும் பாட்டின் விஷயம் வேறு.

மேலே நாம் புகழ்ந்த விசுவநாததாசர் மருத்துவர் குலத்திற் பிறந்தவர். அக்காரணத்தால் அவரோடு சேர்ந்து நடிக்க நடிகையர் சிலர் மறுத்தனர் என்று அவர் வரலாறு கூறுகிறது. மேடையில் அவரைத் தெய்வமாகக் கண்டு கைகூப்பிய ஜனங்களிற் பலர், மேடையை விட்டு இறங்கியதும் அவர் குலத்தை நினைத்தனர். ஆனால் அவர் பாட்டு மட்டும் எந்த வீட்டு வாசலிலும் நின்று அனுமதி கேட்கவில்லை. உள்ளே சென்று தொட்டிலருகில் அமர்ந்துகொண்டது. சென்னிகுளத்தார் சிந்தைப் பாடிக்கொண்டு மலையேறுகிறவர்கள் அவர் குலத்தை விசாரிக்கிறார்களா? விசாரியார். எழுதியவர் பெயரையும் குலத்தையும் அறியாதவர் தம் சொந்தத் துயரத்தையும் களிப்பையும் தாமே சொல்வதாக எண்ணிப் பாடும் பாட்டை எவர் இயற்றுகிறாரோ, அவரே பெரும் பாட்டாசிரியர். இஃது ஐந்தாவது இலக்கணம். மற்ற நான்கும் இதிற் சென்று முடிகின்றன.

இந்த இலக்கணத்தை ஒப்புக்கொண்டபின், போட்டியின் வாயிலிற் குலத்தைக் கேட்பது எங்ஙனம் பொருந்தும்? நம் பிள்ளைகளை நம் பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிட்டுப் பரிசு கொடுத்தால், அவர்கள் அடைவது பதக்கம், திறமையன்று. ஊர் முழுவதோடும் போட்டியிட்டு இரண்டாம் பரிசு பெறுகிறவன், வேலிக்குள் முதற் பரிசு பெறுகிறவனைவிட ஒருபடி மேல் நிற்கிறான். வியாபாரத்தில் நமது முன்னோர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். விருதுநகர்ச் சந்தைக்குச் சரக்குக் கொண்டு வந்தவர் சரக்கின் தரத்தைக் காட்டினாரேயன்றிக் குலத்தைக் காட்டவில்லை.

ஆகவே நாம் மூன்று யோசனைகளைச் சபையின் முன் வைக்கிறோம். போட்டியைச் சூலக்கரையிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள அனைவர்க்கும் திறந்துவிடுதல் வேண்டும். பெயரை மறைத்து எண் மட்டும் இட்டுப் பாட்டுகளை நடுவரிடம் கொடுத்தல் வேண்டும். நடுவர் அவற்றை வாசிக்காமல், ஒருவர் பாடக் கேட்டே தீர்ப்புச் சொல்லுதல் வேண்டும். மூன்றாவதாக, நமது தாய்மார்கள் நாவிலிருக்கும் தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு ஆகியவற்றை வாலிபர்கள் வீடுவீடாகச் சென்று எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் சங்க நூல்நிலையத்தில் வைத்தல் வேண்டும். அவற்றை இயற்றியவர் பெயர் எவருக்கும் தெரியாது. ஆயினும் பாட்டெழுத விரும்பும் பிள்ளைகளுக்கு அவற்றினும் சிறந்த பாடபுத்தகம் இல்லை. கிழவிகள் ஒவ்வொருவராய் மறைய, அப்புத்தகத்தின் ஏடுகளும் ஒவ்வொன்றாய் உதிர்கின்றன. காலம் தாழ்த்தலாகாது.

 சபையோர் ஆலோசித்து நல்ல முடிவு செய்வார்களாக.