யோசேப்பை மறந்த அரசுகள்



செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிறாகிய இன்று, புலம்பெயர்ந்தோர் மற்றும் அகதிகள் உலக நாளைத் திருஅவை சிறப்பிக்கிறது. மக்கள் ஏன் ஊரைவிட்டுப் போகிறார்கள், போன இடத்தில் சட்டம் அவர்களை எப்படி நடத்துகிறது என்று சற்றே சிந்திப்போம்.

யாக்கோபின் குடும்பம் எகிப்துக்குப் போகக் காரணம் பஞ்சம். யோசேப்பின் பொருட்டு அவர்களுக்கு வரவேற்பும் நிலமும் கிடைத்தன. பிறகு, யோசேப்பைப் பற்றி அறியாத ஒரு மன்னன் வந்தான். அதே மக்கள் அவன் கண்ணுக்கு ஆபத்தானவர்களாகத் தெரிந்தார்கள். மக்கள் மாறவில்லை, அரசின் பார்வைதான் மாறியது.

நம் மக்களுக்கும் இது நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். இங்கேயோ வறட்சி, கடன், சாதிக் கொடுமை. 1876–78இல் பெரும் பஞ்சம். கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்துப் போனார்கள். மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்தவர்களில் பலர் நோயில் மாண்டார்கள். மிஞ்சியவர்களின் உழைப்பில் அந்நாடு செழித்தது.

1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்த மண்ணில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையாவது, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமாவது அங்கே பிறந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. லயன் அறையில் பிறந்தவரிடம் பாட்டனாரின் பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள்.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. அம்மக்களின் விருப்பத்தைக் கேட்டு எழுதிய கணக்கல்ல அது. அங்கே ‘இந்தியாக்காரர்’ என்று ஒதுக்கப்பட்டவர்கள், நீலகிரிக்கு வந்தபோது ‘சிலோன்காரர்’ ஆனார்கள். அங்கேயே எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. 55 ஆண்டுகள்!

சட்டமே வேண்டாம் என்று திருஅவை சொல்வதில்லை. குடியேற்றத்திற்கு அரசு நிபந்தனைகள் விதிக்கலாம், வந்தவர்கள் அந்நாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்றே மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. ஆனால், பிழைப்புத் தேடி வருபவரை இயன்றவரை வரவேற்பது வசதியுள்ள நாடுகளின் கடமை என்பதையும் அதே இடத்தில் சொல்கிறது. எகிப்தில் அந்நியராய் இருந்ததை நினைத்து, உங்களிடையே வாழும் அந்நியரை அன்பு செய்யுங்கள் என்பதே லேவியர் நூலில் கடவுள் தரும் கட்டளை.

இன்று நம் ஊரில் கட்டடம் எழுப்புகிறவர்கள், மில்லில் இரவுப்பணி செய்கிறவர்கள் பலர் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் இந்நாட்டின் குடிமக்கள். எந்தச் சட்டமும் அவர்களைத் தடுக்கவில்லை. நாம்தான் வாடகைக்கு வீடு மறுக்கிறோம், ‘வடக்கன்’ என்கிறோம். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கும் ஜார்க்கண்ட் இளைஞரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் பிள்ளைகளும் வளைகுடாவில் இப்படித்தானே நிற்கிறார்கள்?

இந்த வாரம் அப்படி ஒருவரிடம் பெயரைக் கேட்போம். ஏன் ஊரைவிட்டு வந்தார் என்று கேட்டு, அவர் சொல்வதைப் பொறுமையாய்க் கேட்போம்.

மன்றாடுவோம்: குழந்தையாய் எகிப்துக்கு ஓடிய ஆண்டவரே, எங்கள் வாசலில் நிற்பவரில் உம்மை அடையாளம் காணச் செய்தருளும். ஆமென்.