மண்ணில் நிற்கும் கடன்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



தண்ணீர் கெட்டுவிட்டதா என்பதை அறிய நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்று மதரஸாவில் நமக்குக் கற்றுத் தந்தார்கள். உளூவுக்கு அந்த அளவுகோல் இன்றும் போதுமானதே. குடிப்பதற்கு அது மட்டும் போதாது. ஒரு லிட்டர் குடிநீரில் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டின் தர விதி. அந்த வரம்பைச் சற்றே தாண்டிய நீரில் நிறமும் மாறுவதில்லை, வாடையும் எழுவதில்லை. கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும்; குரோமியம் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, அதன் செறிவு கூடவே செய்யும்.

இதனை ஏன் சொல்கிறேன் என்றால், பாலாற்றங்கரை நெடுகிலும், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில், தோல் பதனிடும் தொழில் பல தலைமுறைகளாக நம் சமுதாயத்தின் கைத்தொழிலாக இருந்து வருகிறது. பிற சமயத்தவரும் அதில் உண்டு. ஆயினும் அத்தொழில் தந்த செல்வத்தால் நம் பள்ளிவாசல்களும் கல்லூரிகளும் எழுந்தன என்று பெருமை பேசுகிற நாம், அத்தொழில் விட்டுச் சென்ற கழிவைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டவர்கள்.

பச்சைத் தோல் உப்பிட்டு வருகிறது. முதல் கழுவலிலேயே அந்த உப்பு நீரோடு வெளியேறுகிறது. அடுத்துச் சுண்ணாம்பு, அதன்பின் குரோமியம் சல்பேட். பழைய முறையில் அக்குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கையே தோல் உறிஞ்சும்; எஞ்சியது கழிவுநீரில் போய்விடும். இலை தழைகள் மக்கி மண்ணாகிவிடும். உப்பும் குரோமியமும் மக்குவதில்லை. இராணிப்பேட்டையில் தோல் தொழிலுக்கான குரோமிய இரசாயனங்களைத் தயாரித்து, 1990களின் நடுவில் மூடப்பட்ட ஓர் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவைக் குவித்து விட்டுச் சென்றது. அதில் இருப்பது குரோமியத்தின் கொடிய வகை, புற்றுநோயை உண்டாக்கவல்லது. ஆலை மூடிய பின்னும் ஒவ்வொரு மழையும் அதனைக் கரைத்து நிலத்தடிக்குக் கொண்டு சென்றது.

தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சிறுநீராவது சில நாட்களில் சிதைந்து போகும். நிலத்தடி நீரோ ஆற்றைப் போல் ஓடித் தன்னைக் கழுவிக்கொள்வதில்லை. அதில் சிதையாத நஞ்சைக் கலப்பது எத்தகைய செயல் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

'வழி தெரியவில்லை, செலவு தாங்காது' என்று சிலர் கூறினர். 1989இல் ஜெர்மனி, பென்டா குளோரோ பீனால் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த தோலுக்குத் தடை விதித்தது. நம் ஏற்றுமதியாளர்கள் மாற்று மருந்தைத் தேடிக் கண்டு, அதற்கு மாறினார்கள். கடல் கடந்து வாங்குபவர் சொன்னதும் கேட்ட நாம், பக்கத்து நிலத்துக்காரர் 'என் கிணறு உப்பாகிவிட்டதே' என்றபோது ஏன் கேட்கவில்லை? இக்கேள்வி என்னை நெடுநாளாக உறுத்துகிறது.

வழிகளும் இல்லாமல் இல்லை. மெக்னீசியம் ஆக்சைடைக் கொண்டு கழிவிலுள்ள குரோமியத்தைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். கொடிய வகைக் குரோமியத்தை இரும்பு சல்பேட்டால் தீங்கு குறைந்த வகையாக மாற்றி, நீர் கசியாத குழிகளில் காப்பாக வைக்கலாம். கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்களும் எழுந்தன. ஆனால் சுத்திகரித்த பின் மிஞ்சும் சேறும் உப்பும் எங்கே போகும்? 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் அத்தகைய கழிவுத் தொட்டி ஒன்றின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர்கள்.

இல்லங்களில் இருப்போருக்கு ஒரு வார்த்தை. உங்கள் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். தோல் துண்டுகளை வெந்நீர் அடுப்பில் இட்டு எரிக்காதீர்கள். தீயில் தீங்கு குறைந்த குரோமியமே கொடிய வகையாக மாறக்கூடும். செம்புக்காகப் பிளாஸ்டிக் வயர்களைக் கொளுத்துவதும் வேண்டாம். அப்புகையில் டையாக்சின் உண்டு. பல்லாண்டுகள் அழியாத அந்நஞ்சு தாய்ப்பாலிலும் சேரும்.

தொழில் நடத்தும் சகோதரர்களே! 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்று வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தது. 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டவர்களாகக் கணக்கிடப்பட்டனர். 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், சூழலுக்கு நேர்ந்த கேடு சீராகும் வரை அப்பொறுப்பு தீராது என்று மீண்டும் கூறியது. நம் மார்க்கத்தில் இதற்கு ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை என்று பெயர். உரியவரிடம் சேர்க்காமல் தவ்பாவினால் மட்டும் அது நீங்காது.

"அது என் தந்தையார் காலத்தில் நடந்தது, நான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்போர் உண்டு. சொத்தைப் பங்கிடுமுன் கடனைத் தீர்க்க வேண்டும் என்ற சட்டம் நாம் அறியாததன்று. கடனாளியாக இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காமல், தோழர்களைத் தொழுதுகொள்ளச் சொன்னார்கள். அபூகத்தாதா (ரலி) அவர்கள், அக்கடனைத் தாம் ஏற்பதாகக் கூறிய பின்னரே தொழவைத்தார்கள். அந்தக் கடன் வெறும் மூன்று தீனார்.

வல்ல அல்லாஹ் பாலாற்றங்கரைக் கிணறுகளை மீண்டும் குடிக்கத் தகுந்தவையாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.